தக்காணத்தின் எரிமலைப் பாறைகளும் படிவுப் பாறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்காணப் பீடபூமி என்றதும், லாவா என்னும் எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கறுத்த பசால்ட் பாறையும் அதன்மேல் விரிந்த கரிசல் மண்ணுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தப் பாறைக்கு அடியிலும், அதன் அடுக்குகளுக்கு நடுவிலும், அதற்கு மேலேயும் ஆறுகளும் ஏரிகளும் கடலும் விட்டுச்சென்ற படிவுகள் இருக்கின்றன. பரப்பிலும் பருமனிலும் சிறியவை என்பதால் இவை பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லப்படுகின்றன. அது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். எரிமலைப் பாறை சில நாள்களின் அல்லது சில ஆண்டுகளின் நிகழ்வைக் காட்டுகிறது. நீண்ட காலத்தின் பதிவு படிவில்தான் இருக்கிறது. கீழே உள்ள விடைகள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

தக்காண டிராப் என்பது எது? அது எவ்வளவு பெரியது?

மகாராட்டிரத்தின் பெரும்பகுதி, குசராத்து, மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் விரிந்த பகுதிகள், வட கருநாடகம், தெலங்கானாவின் மேற்கு ஓரம் ஆகியவற்றை மூடிக்கிடக்கும் பசால்ட் அடுக்குகளின் தொகுதியே தக்காண டிராப். இன்று அது ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் எஞ்சியிருக்கிறது. அரிப்பில் கரைந்ததையும் அரபிக் கடலுக்கு அடியில் இருப்பதையும் சேர்த்தால் அதன் தொடக்கப் பரப்பு இன்னும் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அடுக்குகளின் மொத்தத் தடிமன் 2 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கிழக்கே செல்லச் செல்ல அது மெலிந்து, நாக்பூர், ஜபல்பூர்ப் பக்கங்களில் சில நூறு மீட்டராகவும் அதற்குக் குறைவாகவும் ஆகிறது. இந்த லாவாவின் பெரும்பகுதி சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பத்து லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்ட ஒரு காலப்பகுதியில் வெளிவந்தது. கூம்பு வடிவ எரிமலைகளிலிருந்து அல்லாமல், நிலத்தில் ஏற்பட்ட நீண்ட பிளவுகளின் வழியாகவே அது பெரும்பாலும் பரவியது.

படிவுப் பாறையும் எரிமலைப் பாறையும் முற்றிலும் வேறான வழிகளில் தோன்றுபவை. அவை ஒரே அடுக்குத் தொகுதியில் மாறி மாறி வருவது எப்படி?

எரிமலை இடைவிடாமல் இயங்குவதில்லை என்பதே இதற்கான விடை. ஒரு வெடிப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அந்த நிலத்தில் மழை பெய்கிறது. ஆறுகள் புதிய வழி தேடுகின்றன. லாவா ஓட்டம் குறுக்கே விழுந்து மறித்த பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கி ஏரியாகிறது. அந்த ஏரியில் வண்டலும் சுண்ணாம்பும் மெல்ல மெல்லப் படிகின்றன. கரையில் மரங்கள் வளர்கின்றன. நத்தைகளும் மீன்களும் தவளைகளும் வாழ்ந்து மடிகின்றன. பிறகு மற்றொரு லாவா ஓட்டம் வந்து ஏரியையும் அதன் படிவையும் மூடிவிடுகிறது. இவ்வாறு பலமுறை நடந்ததன் விளைவையே இன்று மலைச்சரிவுகளில் காண்கிறோம்.

இதில் ஒரு கணக்கைக் கருத்தில் கொள்ள வேண்டும். முப்பது நாற்பது மீட்டர் தடிமனுள்ள ஒரு லாவா ஓட்டம் சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ பரவி முடிந்திருக்கலாம். அதன்மேல் கிடக்கும் இரண்டு மீட்டர் ஏரிப்படிவுக்கோ, ஒரு முழம் தடிமனுள்ள மண்ணடுக்குக்கோ பல்லாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கலாம். ஆகவே, பாறைச் சரிவில் எது தடிமனாகத் தெரிகிறதோ அதுவே அதிகக் காலத்தைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டால், வரலாற்றைத் தலைகீழாகப் படித்தவர்கள் ஆகிவிடுவோம்.

லாவா வருவதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது?

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. டிராப்புக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதை ஓரங்களில் வெளித்தெரியும் பாறைகளிலிருந்தும் ஆழ்துளைகளிலிருந்தும் அறிகிறோம்.

நருமதைப் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்திலுள்ள பாக் ஊரைச் சுற்றி, கடல் படிவுகள் இருக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில் மேற்கிலிருந்து கடல் ஒரு நீண்ட கரமாக உள்ளே நுழைந்து சுண்ணாம்புக் கற்களை விட்டுச்சென்றது. அவற்றில் அம்மோனைட்டுகள் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரிகளும் கடல் முள்ளெலிகளும் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கீழே நிமார் மணற்கல் உள்ளது. புகழ்பெற்ற பாக் குகைகள் குடையப்பட்டது மணற்கல்லில். அசந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது பசால்ட்டில். ஒரே நிலப்பகுதியின் இருவகைப் பாறைகளும் சிற்பியின் உளிக்கு இடம் கொடுத்திருக்கின்றன.

கடல் பின்வாங்கிய பின் உருவானது லாமேட்டா படிவு. ஜபல்பூருக்கு அருகே நருமதைக் கரையிலுள்ள லாமேட்டா துறையின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ஆற்று மணல், வெள்ளச் சமவெளியின் களிமண், வறட்சியும் மழையும் மாறி மாறி வந்த நிலத்தின் மண்ணில் ஊறி உறைந்த சுண்ணாம்பு முடிச்சுகள் ஆகியவை அதில் கலந்திருக்கின்றன. 1828-ல் வில்லியம் சிலீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஜபல்பூரில் கண்டெடுத்த எலும்புகள்தாம் இந்தியாவில் முதலில் கிடைத்த டைனோசர் எச்சங்கள். 1877-ல் ரிச்சர்டு லைடெக்கர் அவற்றுக்கு டைட்டனோசாரசு இண்டிகசு என்று பெயரிட்டார். குசராத்தின் ரகியோலியிலிருந்து கிடைத்த ஊனுண்ணி ராசாசாரசு 2003-ல் விவரிக்கப்பட்டது. தார் மாவட்டத்தில் 92 முட்டைக் கூடுகளையும் 256 முட்டைகளையும் ஆராய்ந்த கட்டுரை 2023-ல் வெளியானது. மகாராட்டிரத்தின் பிசுதுராவில் கிடைத்த டைனோசர் சாணக் கற்களுக்குள் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருப்பதாக 2005-ல் அறிவிக்கப்பட்டபோது, புல் இனம் டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே இருந்தது என்பது உலகுக்கே தெரியவந்தது. இவை எல்லாம் லாவாவின் அடியில் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை மட்டுமே தடிமனுள்ள ஒரு படிவில் கிடைத்தவை.

சில இடங்களில் லாவாவுக்கு அடியில் படிவே இல்லை. கொய்னா நிலநடுக்கப் பகுதியில் ஆய்வுக்காகத் துளையிட்டபோது, சுமார் 930 மீட்டர் பசால்ட்டைக் கடந்த உடனே மிகப் பழைய கிரானைட்–நைசு அடித்தளம் வந்துவிட்டது. 1993 நிலநடுக்கத்துக்குப் பின் லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரியில் இட்ட துளையில் 338 மீட்டர் பசால்ட்டும், அதன்கீழ் 8 மீட்டர் படிவும், பிறகு அடித்தளமும் வந்தன. படிவு இல்லாத இடம் பெரும்பாலும் அன்று மேட்டு நிலமாக இருந்து அரிக்கப்பட்ட இடம். படிவு இருக்கும் இடம் பள்ளமாக இருந்து வண்டலை வாங்கிய இடம். அதனால் படிவு இல்லாமல் போனதும் அன்றைய நில அமைப்பைப் பற்றிய ஒரு சான்றுதான்.

லாவா ஓட்டங்களுக்கு நடுவே உள்ள படிவுகளில் என்ன கிடைக்கிறது?

இவற்றை நிலவியலாளர்கள் இடை-டிராப் படிவுகள் என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து மீட்டர் தடிமனுள்ளவை. பக்கவாட்டில் சில கிலோமீட்டருக்குள் மெலிந்து மறைந்துவிடுபவை. களிப்பாறை, சுண்ணாம்புக்கல், செர்ட் என்னும் இறுகிய சிலிக்காக் கல் ஆகியவை அவற்றில் அதிகம். பாதிரியார்களான சுடீபன் இசுலாப்பும் ராபர்ட் கண்டரும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நாக்பூரைச் சுற்றி இவற்றை விரிவாகத் தேடி ஆராய்ந்தார்கள். அந்தப் பகுதியின் தாக்லி படிவுகள் அக்காலத்திலிருந்தே பெயர் பெற்றவை.

எரிமலைப் பாறைக்கும் படிவுக்கும் உள்ள உறவு மிக நெருக்கமாக வெளிப்படுவது செர்ட்டில்தான். பசால்ட் சிதையும்போது அதிலுள்ள சிலிக்கா நீரில் கரைந்து ஏரிகளுக்கு வந்தது. நீரில் மூழ்கிய தண்டு, பழம், விதை ஆகியவற்றின் செல்களுக்குள் புகுந்து அப்படியே உறைந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்திலுள்ள மோகாங்காலன் செர்ட்டை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், அன்று வாழ்ந்த பூக்களின் உட்திசுக்களைக்கூடக் காண முடிகிறது. தொல்தாவரவியலாளர் பீர்பல் சாகினியும் அவருடைய மாணவர் பரம்பரையும் இந்தப் பாறைகளிலிருந்து ஒரு முழுத் தாவர உலகையே மீட்டெடுத்தார்கள். திண்டோரி மாவட்டத்தின் குக்குவா தொல்லுயிர்ப் பூங்காவில் பனை இனங்கள் உள்ளிட்ட கல்மரங்களை இன்றும் நின்ற இடத்தில் பார்க்கலாம். லாவா அழித்த உயிரினங்களைக் காத்துத் தந்ததும் அந்த லாவாவிலிருந்து கசிந்த சிலிக்காதான் என்பதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடு எண்ணிக்கொள்கிறேன்.

விலங்குகளும் உண்டு. தெலங்கானாவின் நசுகல் என்ற இடத்துப் படிவில் கிடைத்த மிகச் சிறிய பற்களைக் கொண்டு, இந்தியாவின் முதல் கிரெட்டேசியப் பாலூட்டி 1988-ல் அடையாளம் காணப்பட்டது. இசுலாப்பை நினைவுகூரும் வகையில் அதற்கு டெக்கனோலெசுடெசு இசுலாப்பி என்று பெயர் இடப்பட்டது. மும்பையின் ஒர்லிக் குன்றுப் படிவுகளில் ஏராளமாகக் கிடைத்த சிறு தவளை 1847-லேயே விவரிக்கப்பட்டது. குசராத்தின் கச்சில் உள்ள அஞ்சார் படிவில் டைனோசர் எலும்புத் துண்டுகளும் முட்டையோடுகளும் லாவா ஓட்டங்களுக்கு நடுவிலேயே கிடைத்துள்ளன. வெடிப்புகள் தொடங்கிய பின்னரும் அவை அந்த நிலத்தில் வாழ்ந்தன என்று இதிலிருந்து தெரிகிறது.

பசால்ட் அடுக்குகளுக்கு நடுவே தெரியும் செந்நிறப் பட்டை படிவுப் பாறையா?

செந்நிறக் களிப்பட்டை என்று பொதுவாகச் சொல்லப்படும் இது, மேற்குத் தொடர்ச்சி மலையின் சாலை வெட்டுகளில் எளிதாகக் கண்ணில் படும். சில இடங்களில் அது கீழுள்ள ஓட்டத்தின் மேற்பரப்பு மழையிலும் காற்றிலும் சிதைந்து உருவான பழைய மண். வேறு சில இடங்களில் காற்று கொண்டுவந்த தூசியும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்து சிதைந்தது. மேலே வந்த ஓட்டத்தின் வெப்பம் அதைச் சுட்டு, இரும்பின் சிவப்பைக் கூட்டியிருக்கும். எனவே எல்லாப் பட்டைகளையும் ஒரே பெயரில் அடக்குவது பொருந்தாது. ஒவ்வொன்றையும் அதன் வேதியியலையும் தாதுக்களையும் கொண்டு தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். பொறியாளர்களுக்கு இது மற்றொரு காரணத்தால் முக்கியம். சுரங்கப்பாதை தோண்டும்போது இந்தப் பட்டை காற்றும் ஈரமும் பட்டு உதிர்ந்துவிடுகிறது. அணைகளின் அடித்தளத்தில் அது வலுவற்ற தளமாக அமைகிறது.

எரிமலைச் சாம்பல் படிந்து உருவான பாறை எந்த வகையைச் சேரும்?

பொருளால் எரிமலைப் பாறை, படிந்த முறையால் படிவுப் பாறை. காற்றிலிருந்து நேராக விழுந்து இறுகிய சாம்பலை எரிமலைப் பாறையுடன் சேர்ப்பதும், அதே சாம்பலை ஆறு எடுத்துச்சென்று வேறிடத்தில் படியவிட்டால் படிவுப் பாறையுடன் சேர்ப்பதும் வழக்கம். களத்தில் இந்த எல்லை பல நேரங்களில் மங்கலாகவே இருக்கும்.

லாவாவுக்கு மேல் படிந்தவை எவை?

லாவா நின்ற பிறகு நிலம் அரிபடத் தொடங்கியது. அரிபட்ட பசால்ட் அடுத்த தலைமுறைப் படிவுகளுக்கு மூலப்பொருள் ஆனது. குசராத்தின் காம்பே வடிநிலத்தில் இதை வரிசையாகக் காணலாம். அங்கே டிராப்பே தரைத்தளம். அதன்மேல் நேராக அமர்ந்திருக்கும் ஓல்பாடு படிவு, பசால்ட் துண்டுகளும் பசால்ட்டிலிருந்து வந்த களியும் நிறைந்தது. அதற்கும் மேலே காம்பே களிப்பாறை என்னும் கரிமப்பொருள் செறிந்த அடுக்கு வருகிறது. 1960-ல் கண்டறியப்பட்ட அங்கலேசுவர் எண்ணெய் வயலின் எண்ணெய்க்கு மூலம் அதுவே. பாதரா வயலில் எண்ணெய் மேலுள்ள படிவில் மட்டும் தங்காமல், பிளவுபட்ட பசால்ட்டுக்குள்ளும் புகுந்து சேர்ந்திருக்கிறது.

கச்சில் டிராப்புக்கு மேலுள்ள மாதானோமட் படிவில் பசால்ட்டின் சிதைவுப்பொருள் நிறைந்திருக்கிறது. அங்கு வெட்டப்படும் பெண்டோனைட் களியும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் இந்த எரிமலைப் பாறையின் சிதைவோடு தொடர்புடையவை. பீடபூமியின் உச்சிகளில் படிந்திருக்கும் செம்பூரான் கல்லும், சமவெளியின் கரிசலும் அதே பசால்ட் வெவ்வேறு நீரோட்ட, மழைச் சூழல்களில் சிதைந்ததன் விளைவுகள்.

படிவுகளுக்கு நடுவே ஒரு பசால்ட் அடுக்கைப் பார்த்தால், அது மேற்பரப்பில் ஓடிய லாவாவா, பின்னாளில் உள்ளே நுழைந்ததா என்று எப்படி அறிவது?

களத்தில் நிற்கும் மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது இதுதான், ஏனெனில் இதில் தவறினால் காலவரிசையே தவறிவிடும். மேற்பரப்பில் ஓடிய லாவா தனக்குக் கீழுள்ள படிவை மட்டுமே சுட்டிருக்கும். மேலே உள்ள படிவு, லாவா ஆறிய பின் வந்தது ஆகையால், சுடப்பட்டிருக்காது. அந்த மேற்படிவின் அடியில் கீழுள்ள பசால்ட்டின் உருண்ட கற்களும் துகள்களும் இருக்கக்கூடும். லாவாவின் மேற்பகுதியில் வாயு வெளியேறிய துளைகள் திரண்டிருக்கும். அத்துளைகளில் பின்னாளில் சியோலைட், அகேட் ஆகிய தாதுக்கள் நிரம்பியிருக்கும். மேற்பரப்பு சிதைந்து செம்மண்ணாகியிருந்தால் ஐயமே வேண்டாம்.

உள்ளே நுழைந்த மாக்மா (நிலத்தடியில் உருகிய பாறை), அதாவது அடுக்குகளுக்கு இணையாகப் பரவும் சில் அல்லது அவற்றை வெட்டிச் செல்லும் டைக், இருபுறமும் உள்ள பாறையைச் சுட்டிருக்கும். அதன் இரு விளிம்புகளிலும் விரைவில் குளிர்ந்த நுண்மணிப் பாறையும், நடுவில் பருமணிப் பாறையும் காணப்படும். சுற்றியுள்ள படிவின் துண்டுகள் அதற்குள் சிக்கியிருக்கலாம். படிவு அப்போது ஈரமாக இருந்திருந்தால், மாக்மாவும் சேறும் கொதித்துக் கலந்து கந்தலான ஓரத்தை உண்டாக்கியிருக்கும்.

இந்தச் சூட்டின் பொருளாதார விளைவுக்குத் தாமோதர் பள்ளத்தாக்கை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை எனலாம். சாரியா, ராணிகஞ்சு நிலக்கரி வயல்களில், கோண்டுவானா என்னும் பழைய நிலக்கரிப் படிவுகளை டைக்குகளும் சில்களும் ஊடுருவியிருக்கின்றன. அவை தொட்ட இடங்களில் நிலக்கரி வாயுவை இழந்து இயற்கைக் கோக்காக மாறியுள்ளது. சுரங்கத் தொழிலாளர் அதைச் சாமா என்று அழைக்கிறார்கள். நல்ல நிலக்கரி எங்கே நின்று சாமா எங்கே தொடங்குகிறது என்பதே அங்கு ஒரு சுரங்கத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

லாவா நீரில் பாய்ந்தால் அடையாளம் இருக்குமா?

இருக்கும். நீரில் விழுந்த லாவாவின் வெளிப்புறம் உடனே உறைந்து, உள்ளே பாயும் லாவா அதைப் பிளந்து வெளிவந்து, தலையணைகளை அடுக்கியது போன்ற உருண்ட வடிவங்களை உண்டாக்குகிறது. மும்பையில் இத்தகைய தலையணை லாவாவும், நீரில் நொறுங்கிய கண்ணாடித் துகள்களாலான பாறையும் உண்டு. அவற்றுடன் சேர்ந்துவரும் படிவுகளின் நன்னீர், உவர்நீர் உயிரினங்களும் சேர்ந்து, ஆழம் குறைந்த நீர்நிலைகளில் அங்கே எரிமலை இயங்கியதை உறுதிப்படுத்துகின்றன.

வயதை எதிலிருந்து கணிக்கிறார்கள், படிவிலிருந்தா எரிமலைப் பாறையிலிருந்தா?

இரண்டிலிருந்தும், ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. எரிமலைப் பாறையில் கதிரியக்கச் சிதைவைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் வயது சொல்ல முடியும். ஆனால் அதில் உயிரினங்களின் எச்சம் இல்லை. படிவில் உயிரினங்கள் இருக்கின்றன. ஆனால் அதிலுள்ள மணற்துகளின் வயதை அளந்தால், அது எந்த மலையிலிருந்து அரிபட்டு வந்ததோ அந்த மலையின் வயதே கிடைக்கும். படிவுக்குக் கீழும் மேலும் உள்ள லாவாவின் வயதை அளந்தால், இடையிலுள்ள உயிரினங்கள் எந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே வாழ்ந்தன என்பது தெளிவாகிறது.

பசால்ட்டில் சிர்க்கான் என்ற தாது அரிது. யுரேனியம்–காரீய முறைக்கு மிக ஏற்றது அந்தத் தாதுதான். இந்தத் தடையைக் கடக்க ஆய்வாளர்கள் சிலர் ஓட்டங்களுக்கு நடுவேயுள்ள செந்நிறப் பட்டைகளை நாடினார்கள். அவற்றில் படிந்த எரிமலைச் சாம்பலில் சிர்க்கான் கிடைத்தது. மற்றொரு குழுவினர் பசால்ட்டையே எடுத்துக்கொண்டு ஆர்கான் முறையில் அளந்தார்கள். இவ்விரு குழுக்களின் கட்டுரைகளும் 2019 பிப்ரவரியில் ஒரே அறிவியல் இதழில் வெளியாயின. லாவா எந்தக் காலப்பகுதியில் வந்தது என்பதில் அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நான்கு பெரும் துடிப்புகளாக வந்ததா, ஏறத்தாழத் தொடர்ச்சியாக வந்ததா என்பதில் மாறுபடுகின்றன.

காந்தத் திசையும் உதவுகிறது. பசால்ட் ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய புவிக்காந்தத் திசையைப் பதித்துக்கொள்கின்றன. தக்காண லாவாவின் பெரும்பகுதி, புவியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்த 29ஆர் என்னும் காலப்பகுதியைச் சேர்ந்தது. அந்தப் பதிவின் சாய்வு, அப்போது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததையும் காட்டுகிறது.

ராசமகேந்திரவரத்தில் கடல் படிவுகளுடன் டிராப் பாறை இருப்பதாகச் சொல்கிறார்களே, அது எப்படி அங்கு வந்தது?

கோதாவரிக் கரையில், தக்காண டிராப்பின் முதன்மைப் பரப்பிலிருந்து வெகுதூரம் விலகி, ராசமகேந்திரவரத்துக்கு அருகே பசால்ட் சிறு பரப்பில் வெளித்தெரிகிறது. அது அங்கேயே வெடித்து வெளிவந்ததா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. வேதியியல் ஒப்பீடும் காந்தப் பதிவும் வயதும், அங்குள்ள கீழ் அடுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் அம்பேனளி ஓட்டங்களுடனும், மேல் அடுக்கு மகாபலேசுவர் ஓட்டங்களுடனும் ஒத்திருப்பதைக் காட்டுகின்றன. அப்படியானால் அந்த லாவா பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடிவந்து கிழக்குக் கடலை எட்டியிருக்கிறது. நிலத்தின் மேல் ஓடியதாக அறியப்பட்ட மிக நீண்ட லாவா ஓட்டங்களில் அது ஒன்று.

அங்கே இரண்டு பசால்ட் தொகுதிகளுக்கும் நடுவில் இருக்கும் படிவு, கழிமுகத்திலும் ஆழமற்ற கடலிலும் உருவானது. அதில் டேனியன் காலத்தின் தொடக்கத்துக்குரிய மிதவை ஃபொராமினிஃபெராக்கள் என்னும் நுண்ணிய ஓட்டுக் கடலுயிரிகள் இருப்பதை கெர்ட்டா கெல்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்டார்கள். டேனியன் என்பது டைனோசர்கள் மறைந்த உடனே தொடங்கிய காலப்பகுதி. ஆகவே அந்தப் பேரழிவு கீழ் பசால்ட்டுக்குப் பின்னும், அல்லது மிக அருகிலும், மேல் பசால்ட்டுக்கு முன்னும் நிகழ்ந்தது என்று ஒரே சரிவில் விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது. ஏரிப்படிவுகளின் நத்தைகளாலும் தவளைகளாலும் இந்த அளவு துல்லியத்தைத் தர முடியாது, ஏனெனில் அவை இடத்துக்கு இடம் மாறுபவை. கடலின் மிதவை உயிர்கள் உலகெங்கும் ஒரே வேளையில் மாறுபவை.

அப்படியானால் டைனோசர்களின் அழிவுக்கு இந்த எரிமலைதான் காரணமா?

மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விண்கல் மோதியதே முதன்மைக் காரணம் என்பது இன்று பெரும்பான்மையோர் ஏற்கும் கருத்து. தக்காண லாவா வெளியிட்ட கரியமில வாயுவும் கந்தக வாயுவும் காலநிலையை மாற்றின என்பதிலும் ஐயம் இல்லை. எவ்வளவு பங்கு எதற்கு என்பதே விவாதம். இந்த விவாதத்தை முடிக்கும் சான்று லாவாவில் இல்லை. அதன் நடுவிலும் ஓரத்திலும் உள்ள படிவுகளில்தான் இருக்கிறது. எந்த உயிரினம் எந்த ஓட்டத்துக்குப் பின் குறைந்தது என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். அஞ்சார் படிவில், விண்கற்களில் மிகுந்து காணப்படும் இரிடியம் என்ற உலோகம் செறிந்த மெல்லிய அடுக்குகள் 1990-களில் அறிவிக்கப்பட்டபோது எழுந்த ஆர்வத்துக்கு இதுவே காரணம். அவை மோதலின் நேரடித் தடமா என்பது பின்னர் கேள்விக்குள்ளானது.

தமிழ்நாட்டில் இந்த லாவா உண்டா?

இல்லை. ஆனால் அதே காலத்தின் படிவுகள் உண்டு. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் காவிரி வடிநிலத்தின் கிரெட்டேசியக் கடல் படிவுகள் வெளித்தெரிகின்றன. அவற்றின் மேற்பகுதியிலுள்ள கல்லமேடு படிவில் டைனோசர் எலும்புகள் கிடைத்துள்ளன; அதற்கு மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல் டேனியன் காலத்தைச் சேர்ந்தது. எரிமலைப் பாறை இல்லாததால் இங்கு ஆண்டுக்கணக்கில் வயது சொல்வது கடினம்; உயிரினங்களையும் வேதியியலையும் நம்பியே ஒப்பிட வேண்டியிருக்கிறது. லாவா நெருங்காத ஒரு கடற்கரையில் அதே காலம் எப்படிக் கழிந்தது என்பதை அறிய அரியலூர் இன்றியமையாதது.

லாவாவுக்கு அடியில் இன்னும் அறியப்படாத படிவுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. கச்சில் சுராசிக், கிரெட்டேசியக் காலக் கடல் படிவுகள் டிராப்பின் அடியில் நுழைவதைக் கண்ணால் காணலாம்; அவை சௌராட்டிரத்தின் பசால்ட்டுக்கு அடியிலும் தொடர்கின்றன. கோதாவரி, நருமதைப் பள்ளத்தாக்குகளின் கோண்டுவானாப் படிவுகளும் டிராப்பின் ஓரத்தில் அதன் கீழே சென்று மறைகின்றன. எண்ணெய் நிறுவனங்களின் ஆர்வம் இதனால்தான்.

ஆனால் பசால்ட் ஒரு பெரும் தடை. படிவுகளை ஆராய வழக்கமாகப் பயன்படுத்தும் நிலநடுக்க அலைகளின் ஆற்றலில் பெரும்பங்கைப் பசால்ட்டின் மேற்பரப்பு திருப்பி அனுப்பிவிடுகிறது. ஓட்டங்களுக்கு நடுவேயுள்ள மென்மையான பட்டைகள் மிஞ்சிய அலைகளையும் சிதறடிக்கின்றன. அதனால் ஈர்ப்பு விசை அளவீட்டையும், நிலத்தின் மின்தடையை ஆழமாக அளக்கும் முறையையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். பசால்ட்டைவிடப் படிவு எடை குறைந்தது, மின்னை எளிதில் கடத்துவது. இந்த இரண்டு வேறுபாடுகளும் ஒரே இடத்தில் தென்பட்டால் அங்கு துளையிடுவதற்குக் காரணம் கிடைக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இத்துறையில் நீண்ட காலமாகப் பணியாற்றி வருகிறது. ஒவ்வொரு புதிய துளையும் பசால்ட் எங்கே முடிகிறது என்பதோடு, லாவா வந்த நாளில் அந்த இடம் மேடாக இருந்ததா, ஆற்றுப் படுகையாக இருந்ததா, கடலாக இருந்ததா என்பதையும் சொல்கிறது. கொய்னாவும் கில்லாரியும் தந்த விடைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டதே, அடுத்த துளை எங்கே என்ற கேள்வியை இவ்வளவு முக்கியமாக்குகிறது.